நீ போகும் ஐஸும் என் கடை ஐஸும்

என் செல்ல மகனுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நலமாகத்தான் இருக்கிறாய். கிரீன்லாந்தின் அந்தச் சின்னத் துறைமுக ஊரில் மீன் வறுத்துத் தின்கிற படத்தை நேற்றுதானே அனுப்பினாய்? இன்னும் கொஞ்சம் மொறுமொறுப்பாக விட்டிருக்கலாம். என் பிரச்சினை வேறு. நீ போனதிலிருந்து நம் ஊர் பாகான் டாலாமில் பாதிப் பேர் என்னை வழியில் நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "பையன் ஐஸ் கம்பெனியில வேலைக்குப் போயிருக்கானாமே, எப்படிலா, நல்ல வேலையா?" அம்மா ஃபெரியில் போய் ஜோர்ஜ்டவுனில் துருவிய ஐஸில் சிரப் ஊற்றி ஐஸ் கச்சாங் விற்கிறாள், மகன் ஐஸ் கம்பெனிக்குப் போனான் என்பது அவர்களுக்குப் பொருத்தமாகப் படுகிறது போலிருக்கிறது. நீ போயிருப்பது பனி ஆராய்ச்சிக்கு என்று ஒவ்வொருவரிடமும் நின்று விளக்கினால் என் ஃபெரி போய்விடும். அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி இந்தக் கடிதம். உனக்கு முதலில் வரும், பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பருக்குப் போகும். அவர்கள் போடாவிட்டால் கடையில் ஒட்டிவைப்பேன்.

விமான நிலையத்தில் நடந்ததை முதலில் சொல்கிறேன், இத்தனைக்கும் காரணம் அதுதான். நீ பெட்டியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாய், இன்னும் நேரமிருக்கிறது என்றாய். பெற்ற பிள்ளை உலகத்தின் உச்சிக்குப் போகிறது, ஒரு தாயாக நாலு நல்ல வார்த்தை பேசியிருக்கலாம். எனக்கோ ஒரு வாரமாக மண்டையைக் குடைந்த கேள்வி. "ஏன் தம்பி, அவ்ளோ ஐஸு மேல உருகுற தண்ணி எங்கதான் போவும்?" என்று கேட்டுவிட்டேன். நீ மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தாய். அதைப் பார்த்ததுமே உன் அப்பா தலையில் கை வைத்தார். நீ கண்ணாடியைச் சரிசெய்தால் பேச்சு சீக்கிரம் முடியாது என்று நம் வீட்டுப் பூனைக்கும் தெரியும். டிஷ்யூத் தாளை விரித்துப் படம் போட்டாய். மேலே ஒரு ஏரி, அதிலிருந்து கீழே ஒரு கோடு, அடியில் கிளை கிளையாக ஏதோ. நான் கேட்க, நீ சொல்ல, நான் மறுபடி கேட்க, ஒலிபெருக்கியில் உன் பெயரையே கூப்பிட்டுவிட்டார்கள். நீ ஓடினாய். நான் டிஷ்யூவைப் பிடித்துக்கொண்டு கை ஆட்டினேன். நீ உள்ளே போய் மறைந்த பிறகுதான் என் கட்டைவிரல் சும்மா இருப்பது எனக்கு உறைத்தது.

வெளியார் படிப்பார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் யாரும் நெற்றியில் சிலுவை வாங்காமல் வாசல் தாண்டியதில்லை. பரீட்சைக்கு, ஆஸ்பத்திரிக்கு, நிபோங் திபாலில் இருக்கும் சித்தி வீட்டுக்கு, எங்கே போனாலும் சரி. பெரியவர்கள் கட்டைவிரலால் நெற்றியில் சின்னதாக ஒரு சிலுவை போடுவார்கள், அவ்வளவுதான், பிறகு போகலாம். நீ இங்கிலாந்துக்குப் படிக்கப் போனபோதுகூட விமான நிலையத்தில் குனிந்து நெற்றியைக் காட்டினாய், உன் கூட்டாளிகள் சிரித்தார்கள். இந்த முறை, இத்தனை வருஷத்தில் நீ போனதிலேயே தூரமான இடத்துக்கு, வெறும் நெற்றியோடு போய்விட்டாய். வீடு திரும்பும்போது உன் அப்பாதான் காடியை ஓட்டினார். பாலத்து டோலைத் தாண்டியதும் சொன்னார். "தண்ணி எங்க போவுதுன்னு கேட்ட. புள்ள எங்க போவுதுன்னு கேக்கலயே."

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது, ஏனென்றால் அவரும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், அவருக்கும் கட்டைவிரல் இருக்கிறது. ஆனால் நம் வீட்டில் சிலுவை போடுவது என் வேலை என்று ஆகிவிட்டது. அது ஏன் என்று உனக்குத் தெரியும். கடையில் ஐஸைத் தொட்டுத் தொட்டு என் விரல் எப்போதும் சில்லென்று இருக்கும். காலையில் உன்னைப் பள்ளிக்கு அனுப்பும்போது அந்த விரலை நெற்றியில் வைத்ததும் நீ தோளைக் குறுக்கிக்கொண்டு, "மா, ஐஸ் விரல் வேணாம்மா!" என்று கத்துவாய். கத்திக்கொண்டே நெற்றியை நீட்டுவாய். அப்பா விரல் சூடு, அது உனக்குப் பிடிக்காது. சூட்டில் என்ன விசேஷம் என்று கேட்பாய்.

அந்த டிஷ்யூவை நான் தூக்கிப் போடவில்லை. போன ஞாயிறு பூசைக்குப் பிறகு நீ போனில் பேசினாய் அல்லவா, அப்போதும் அது என் மேசைமேல்தான் இருந்தது. நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். இன்னும் ஒரு வாரத்தில், திங்கட்கிழமை, ஹெலிகாப்டர் வருகிறது, பனிப்பாளத்தின் மேல் ஒரு ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கூடாரம், கீழே பனி முடிந்து ஆறு புறப்படும் இடத்தில் இன்னொரு கூடாரம். மேலே இருப்பவர்கள் ஏரி வடிகிற பெரிய ஓட்டையில் பிங்க் சாயத்தை ஊற்றுவார்கள். கீழே இருப்பவர்கள் அது எப்போது, எந்த வழியாக வெளியே வருகிறது என்று காத்திருப்பார்கள். "அந்த ஏரி அப்படியே இருக்குமா?" என்று கேட்டேன். "இருக்காதும்மா. ஒரு நாள் அடியில விரிசல் விடும். சில மணி நேரத்துல மொத்தமா காலியாயிடும்." "எந்த நாள்?" "அதைத்தான் பாக்கப் போறோம்." எனக்குப் புல்லரித்தது. உன் அப்பாவுக்கு வேறு ஏதோ அரித்திருக்கிறது. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, "நீ எந்தக் கூடாரத்துல இருக்கப் போற?" என்றார். உங்கள் குழுவின் தலைவி அதை உன்னிடமே விட்டுவிட்டார் என்றாய். பிறகு கொஞ்சம் தயங்கி, "நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்கப்பா. கீழ இருன்னா கீழயே இருந்துக்கிறேன், நெஜமாத்தான் சொல்றேன்" என்றாய்.

உன் அப்பா ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "கீழ." அப்புறம் போனை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் ஏற்கெனவே துடைத்த மோட்டார் சைக்கிளைத் துடைத்தார். நான் திங்கட்கிழமைக்குள் சொல்கிறேன் என்றேன். நீ சரிம்மா என்றாய். அந்தச் 'சரிம்மா'வில் உன் குரல் தொங்கிப்போனதை நான் கவனித்தேன். மிட்டாயைப் பார்த்துக்கொண்டே 'எனக்கு வேணாம்' என்று சொல்கிற குரல் அது. எனக்கு அது பரிச்சயம்.

ஆக, ஒரு வாரம் நான் யோசிக்க வேண்டும். எனக்கு யோசிக்க ஒரு வழிதான் தெரியும், கேள்வி கேட்பது. உனக்கு நான் அனுப்பிய குரல்செய்திகளுக்கெல்லாம் நீ பொறுமையாகப் பதில் சொன்னாய். அதையெல்லாம் சேர்த்து எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. பனிப்பாளம் என்பது ஒரு நாட்டையே மூடிக் கிடக்கிற ஐஸ். அதன் நடுவில், உயரத்தில், மேலே பழைய பனி பஞ்சு மாதிரிக் கிடக்கிறது. அங்கே உருகுகிற தண்ணீர் அந்தப் பஞ்சுக்குள் இறங்கும். சிலது அங்கேயே மறுபடி உறையும், சிலது உறையாமல் உள்ளேயே தங்கும். நான் துருவிவைத்த ஐஸ் குவியலில் சிரப் ஊற்றினால் முதலில் குவியல் குடித்துவிடுமே, கிண்ணத்தின் அடியில் ஒன்றும் தெரியாதே, அந்த மாதிரி. ஓரத்துக்கு வர வர, கீழே இறங்க இறங்க, பஞ்சு இல்லை, கட்டி ஐஸ்தான். அங்கே தண்ணீருக்கு ஊறிப்போக இடமில்லை. ஓடைகளாக ஓடும், பள்ளத்தில் தேங்கும், நீல நிறத்தில் ஏரிகளாக நிற்கும். நீ அனுப்பிய படத்தில் அந்த நீலத்தைப் பார்த்துவிட்டு உன் அப்பாவே, "இதுல ஏதும் கலக்கலயா?" என்று கேட்டார்.

என்னைத் தூங்கவிடாத சங்கதி அடுத்ததுதான். ஐஸ் தண்ணீரில் மிதக்கும். நாளெல்லாம் பார்க்கிறேன். அப்படியென்றால் தண்ணீர்தான் கனம். அந்தக் கனம்தான் விஷயமே என்றாய். ஏரியின் அடியில் ஒரு விரிசல் விட்டு அது வெறுமையாக இருந்தால், சுற்றியிருக்கும் ஐஸின் பாரம் கொஞ்ச ஆழத்திலேயே அதை நெருக்கி நிறுத்திவிடும். அதில் தண்ணீர் நிறைந்துவிட்டால், ஐஸ் உள்நோக்கி நெருக்குவதைவிட தண்ணீர் வெளிநோக்கித் தள்ளுவது அதிகம். விரிசல் இன்னும் கீழே போகும், தண்ணீரும் கூடவே இறங்கும், மேலே ஏரி தொடர்ந்து ஊற்றிக்கொண்டே இருக்கும், இப்படியே அடிப்பாறை வரைக்கும். அத்தனை கனமான ஐஸைப் பிளப்பது வெறும் தண்ணீர். பிறகு அந்த வழியாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் சுவர்கள் உருகி, கிணறு மாதிரி ஒரு ஓட்டை ஆகிவிடும். குளிர்காலம் வந்து தண்ணீர் நின்றால் ஐஸ் மெல்ல மெல்ல நெருங்கி அதை மூடப் பார்க்கும். "ஐஸு நகருமா?" என்று கேட்டேன். "நகரும்மா, ரொம்ப மெதுவா. மாவு மாதிரி." முப்பது வருஷமாக ஐஸை உடைக்கிறேன், மாவு மாதிரி நகரும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. வெட்கமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது.

அடிப்பாறைக்குப் போன தண்ணீர் என்ன செய்யும் என்று நீ சொல்ல ஆரம்பித்தபோது எனக்கு நம் வீட்டுத் திக்கார்ப் பாய் ஞாபகம் வந்துவிட்டது. உனக்கு நினைவிருக்கிறதா? பாகான் டாலாமில் பெரிய அலை ஏறுகிற நாளில் மழையும் சேர்ந்துகொண்டால் நம் பின்பக்கச் சாக்கடை எதிர்த்திசையில் ஓடும். நீ அதில் இலையைப் போட்டுவிட்டு, "மா, இன்னிக்கு ரிவர்ஸ்!" என்று கத்துவாய். அப்படி ஒரு நாள், வெளியே போக வழியில்லாத தண்ணீர் குளியலறை ஓட்டை வழியாக வீட்டுக்குள் வந்தது. வந்தது நமக்குத் தெரியவில்லை. ஹாலில் சுவருக்குச் சுவர் போட்டிருந்த ரப்பர் திக்காருக்கு அடியில் பரவிவிட்டது. நடு ஹாலில் திக்கார் வயிறு மாதிரி உப்பி எழுந்தது. உன் அப்பாவும் நானும் அரிசி மூட்டையைத் தூக்கவும் பீரோவை நகர்த்தவும் அலைகிறோம், நீ அந்த உப்பல் மேல் ஏறி நின்று ஒரு காலை அழுத்துகிறாய், இன்னொரு பக்கம் உப்புகிறது. அந்தக் காலை அழுத்துகிறாய், இந்தப் பக்கம் உப்புகிறது. உன்னை இறக்கி முதுகில் ஒன்று வைத்தேன். நீ அழுதுகொண்டே, "அடில எப்படிம்மா போச்சு?" என்று கேட்டாய். அந்தக் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை, ஈரத்துணி பிழிந்துகொண்டிருந்தேன். இப்போது பார், அதே கேள்வியோடு பனிப்பாளத்துக்கே போய்விட்டாய்.

அங்கேயும் அதுதான் நடக்கிறது என்றாய். கோடையின் ஆரம்பத்தில் தண்ணீர் அடியில் இறங்கும்போது பாறைக்கும் ஐஸுக்கும் நடுவே நல்ல வழி எதுவும் இருக்காது. சின்னச் சின்ன இடுக்குகளில் பரவும், அழுத்தம் ஏறும், அத்தனை பெரிய ஐஸையே கொஞ்சம் தூக்கும், தூக்கினதும் ஐஸ் கடலை நோக்கி வேகமாக வழுக்கும். ஏரி காலியாகும் நாளில் அதைச் சுற்றியுள்ள பனித்தரையே கொஞ்சம் எழும்பும் என்று நீ சொன்னதை நான் அப்பாவிடம் அப்படியே சொல்லித் தொலைத்தேன். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். மாக் மண்டின் தொழிற்சாலைகளில் பம்பு பழுது பார்த்த மனிதர், அழுத்தம் என்றாலே அவருக்கு எதுவோ வெடிக்கப் போகிறது என்றுதான் அர்த்தம்.

வியாழக்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். நீ சிரிக்கக் கூடாது. காலைப் பூசை முடிந்து நேராகக் கடைக்குப் போனோம். ஐஸ் லாரி போட்டுவிட்டுப் போன முழுக் கட்டியைச் சாக்கிலிருந்து எடுத்து, உன் அப்பாவைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, வழவழப்பான எவர்சில்வர் தட்டின் மேல் நிறுத்தினேன். குத்தூசியால் கட்டியின் உச்சியில் ஒரு குழி தோண்டினேன். அதில் ரோஸ் சிரப்பைத் தண்ணீரில் கலந்து ஊற்றினேன். உன் சாயம் பிங்க், என் சிரப்பும் பிங்க், இதைவிட வேறென்ன வேண்டும்? "காலங்காத்தால சிரப்ப வீணாக்குற" என்றார் உன் அப்பா. பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, கை கட்டி, எனக்கு இதில் சம்பந்தமில்லை என்கிற மாதிரி தள்ளி நின்றார். ஏரி அப்படியே நின்றது. நான் மேலே பார்ப்பேன், ஒன்றும் நடக்காது. குனிந்து அடியில் பார்ப்பேன், அங்கும் ஒன்றுமில்லை. மறுபடி மேலே வருவேன். சிரப் குறைந்த மாதிரி இருக்கும், ஆனால் எப்போது குறைந்தது என்று தெரியாது. இப்படிக் குனிந்து நிமிர்ந்து என் இடுப்புதான் விரிசல் விட்டது. கடைசியில் அவரே பொறுக்கமாட்டாமல் வந்து குந்தினார். "நீ மேல பாரு. நான் அடில பாக்கறேன். வந்தா சொல்றேன்லா."

கட்டியின் நடுவில் வெள்ளையாக ஒரு தண்டு இருக்குமே, காற்று அடைத்தது, நீ சின்ன வயதில் ஐஸின் எலும்பு என்று சொல்வாய், அதைச் சிரப் கண்டுபிடித்துவிட்டது போலிருக்கிறது. உள்ளே எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம். என் கண்ணெதிரே ஏரி கீழே இறங்கியது. குழி காலி. "போச்சு, போச்சு, எல்லாம் உள்ள போச்சு!" என்று நான் கத்த, "இந்தப் பக்கம் வருது, பிங்க்கா வருது!" என்று அவர் கத்த, அதே நேரத்தில் அடியில் தண்ணீர் பரவிய கட்டி தட்டின் மேல் அப்படியே வழுக்கிக்கொண்டு கிளம்பியது. சோளம், கறுப்பு ஜெல்லி மாதிரி இருக்கும் சின்சாவ், வேகவைத்த காச்சாங் பயறு எல்லாக் கிண்ணங்களையும் தள்ளிக்கொண்டு மேசை ஓரத்துக்குப் போய்விட்டது. உன் அப்பா பாய்ந்து, குழந்தையைப் பிடிக்கிற மாதிரி நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். பூசைச் சட்டை முழுக்க ரோஸ். பக்கத்து டீக்கடை நானா தே தாரிக் ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "என்னண்ணே, ஐஸுக்குத் தாலாட்டா?" என்று கேட்டார். நான் சிரித்துச் சிரித்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா சிரிக்கவில்லை. கட்டியைக் கீழே வைத்துவிட்டு, சிரப் வெளிவந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தார். மேலே குழியில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ஏரி காலியானா அடில இவ்ளோ தண்ணி. அதுக்கு வெளிய போக வழி இருக்குமா அங்க?"

அவர் கேட்ட கேள்வியைத்தான் அன்று உனக்கு அனுப்பினேன், அது என் கேள்வி இல்லை. அதற்குள் நான் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பெரிய விஞ்ஞானி மாதிரி, உருக உருக ஐஸ் வேகமாக வழுக்கும், எவ்வளவு தண்ணீரோ அவ்வளவு வேகம் என்று சொல்லிவைத்திருந்தேன். உன் பதில் வந்து என் மானத்தை வாங்கியது. அப்படி இல்லையாம். அடியில் ஓடுகிற தண்ணீர் ஐஸைத் தானே உருக்கித் தனக்குக் கால்வாய் வெட்டிக்கொள்ளுமாம். கோடை போகப் போக அந்தக் கால்வாய்கள் பெரிதாகும், தண்ணீர் நேராக வெளியே ஓடும், அழுத்தம் இறங்கும், ஐஸ் மறுபடி பாறையில் உட்காரும், வேகமும் குறையும். தண்ணீர் அதிகம்தான், ஆனால் வழி கிடைத்துவிட்டது. எல்லா இடத்திலும் எல்லா வருஷமும் இப்படியே நடக்கிறதா என்பதுதான் இன்னும் சரியாகத் தெரியவில்லை, அதற்குத்தான் சாயம் ஊற்றுகிறோம் என்றாய். நான் வெள்ளிக்கிழமை இன்னொரு கட்டியை வைத்துக் கால்வாய் வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை, அது பாட்டுக்கு வழுக்கியது. "உங்க கட்டிக்கு எடை பத்தாதும்மா" என்று சிரித்தாய். சரி, நான் சொல்லிவைத்தவர்களிடமெல்லாம் திருத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் முதலில் சொன்னதே நன்றாக இருந்தது என்கிறார்கள்.

அந்தக் கால்வாய்ச் செய்தியை உன் அப்பா மூன்று தடவை போட்டுக் கேட்டார். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டாம் தடவை சோறு வாங்கினார். நான் பேச்சு கொடுத்தேன். "ஏங்க, கீழ இருக்கச் சொல்லிடவா அவன?" அவர் மீனில் முள் எடுத்துக்கொண்டே சொன்னார். "நா அடில குந்தியிருந்தேன்ல. நீ மேலேர்ந்து போச்சு போச்சுன்னு கத்தலன்னா, எனக்கு என்ன வருது, எப்ப உள்ள போனது வருதுன்னு எப்படித் தெரியும்? மேல ஒரு ஆளு வேணும்." முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, "அது நம்ம புள்ளையா இருக்கணுமான்னுதான் யோசிக்கிறேன்" என்றார். எனக்கும் அதே யோசனைதான். மேலே ஒரு ஆள் வேண்டும், அது வேறு யாருடைய பிள்ளையாகவாவது இருக்கட்டும் என்று எல்லா அம்மாவும் நினைப்பாள். அந்த வேறு யாரோவின் அம்மாவும் எங்கோ உட்கார்ந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருப்பாள்.

தம்பி, எனக்குப் பயமாக இருக்கிறது. அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கூடாரத்தைக் கரையிலிருந்து தள்ளித்தான் போடுவோம், ஓட்டைப் பக்கம் போனால் இடுப்பில் கயிறு கட்டித்தான் போவோம், தரை எழும்புவதைக் கருவி சொல்லிவிடும் என்று நீ சொன்னாய். எல்லாவற்றையும் நம்புகிறேன். நம்பினாலும் பயம் போகவில்லை. ஃபெரியில் வரும்போது தண்ணீரைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன். நீ அங்கே பார்க்கப் போகிற தண்ணீர் ஐஸுக்கு அடியிலிருந்து கடலுக்குள் புறப்பட்டு, உலகத்துக் கடலோடு சேர்ந்து, நம் பாகான் டாலாம் சாக்கடை வாசலையும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தும் என்று ஒரு முறை சொன்னாய். எவ்வளவு, எவ்வளவு சீக்கிரம் என்று கேட்டதற்கு, அது அடியில் தண்ணீர் என்ன செய்கிறது என்பதையும் பொறுத்தது என்றாய். நம் ஹாலில் திக்கார் உப்பிய கதை இன்னும் முடியவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. யாராவது ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனால் உண்மையைச் சொன்னால் நான் முடிவு எடுத்தது அதனாலும் இல்லை. அந்த 'டிக்' சத்தம் வந்தபோது, ஏரி என் கண்முன் இறங்கியபோது, எனக்கு வயதே தெரியவில்லை. அந்த ஒரு நிமிஷம் நான் பார்த்தேன் என்பதே போதும் என்றிருந்தது. என் மேசைமேல் ஒரு கட்டி ஐஸுக்கே அப்படி. உன்னைக் கீழே இருக்கச் சொன்னால் நீ இருப்பாய், எங்களைக் குறை சொல்லமாட்டாய், பிங்க் தண்ணீர் வெளியே வருவதைப் பார்த்து நல்ல பிள்ளையாக வேலையும் செய்வாய். மேலே அந்த ஏரி ஒரு நாள் சத்தம் போட்டு உள்ளே போகும். அதை வேறு யாரோ உனக்கு வந்து சொல்வார்கள். நீ கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்பாய். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே, மேலே போ. என் பதில் இது. உன் அப்பாவின் பதில் வேண்டுமென்றால், இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்னால் நின்று படித்துவிட்டு, "அந்த ஓட்டைல தண்ணி விழற சத்தத்தப் புடிச்சு அனுப்பச் சொல்லு. கயித்தக் கட்டிக்கிட்டுப் புடிக்கச் சொல்லு" என்றார். அவர் சம்மதம் சொன்னால் இப்படித்தான் இருக்கும், நமக்குத் தெரியாதா? சட்டையை இரண்டு தடவை ஊறவைத்துத் துவைத்துவிட்டேன், பிங்க் போகவில்லை. அதையே போட்டுக்கொண்டு நாளைக்குப் பூசைக்கு வருகிறாராம். யாராவது கேட்டால் மகன் வேலை என்று சொல்லப்போகிறாராம்.

ஒரு பாக்கி இருக்கிறது. திங்கட்கிழமை ஹெலிகாப்டர் உன்னை இறக்கிவிட்டுப் போன பிறகு, கூடாரம் அடித்து, கயிறு கட்டி, எல்லாம் ஆன பிறகு, அங்கே ஏதாவது ஒரு சின்ன ஓடை ஓடும். கையுறையைக் கழற்றிவிட்டு உன் கட்டைவிரலை அந்தத் தண்ணீரில் நனைத்து, நெற்றியில் ஒரு சிலுவை போட்டுக்கொள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். சில்லென்று இருக்கும், தோளைக் குறுக்குவாய். கத்தவும் செய், எனக்கு ஆட்சேபணை இல்லை. அது என் விரல்தான் என்று உன் நெற்றிக்குத் தெரியும்.

அம்மா